ட்ராலிங், ட்ரோலிங்: ஒரு கொம்பு செய்யும் கலகம்

‘ட்ரோலிங் தடைக்காலம் தொடங்கியது’ என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தால் பாம்பனிலோ மண்டபத்திலோ யாரும் குழம்புவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். எழுத வேண்டியது ‘ட்ராலிங்’; எழுத்தில் பிழை இருந்தாலும் பொருளை ஊர் திருத்திக்கொள்கிறது. தூண்டிலைப் பற்றிப் புதிதாகப் படிக்க வருகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவர் தேடுவது ட்ரோலிங். அவருக்குக் கிடைப்பதெல்லாம் ட்ராலிங். இடையில் இருப்பது ஒரே ஒரு கொம்பு.

ட்ராலிங் என்பது வலை. வாயைப் பலகைகள் விரித்துப் பிடிக்க, அடிக்கயிறு கடல்தரையைத் துடைத்துக்கொண்டு வர, அகப்பட்டதெல்லாம் பின்னால் உள்ள பையில் சேரும். ட்ரோலிங் என்பது தூண்டில். ஓடுகிற படகுக்குப் பின்னால் இரையையோ பொய் இரையையோ நரம்பில், அதாவது தூண்டில் இழையில், இழுத்துக்கொண்டு போவது. ஒன்றில் மீனுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. மற்றதில் மீன் வாயைத் திறந்தால்தான் உண்டு.

இரண்டும் ஆங்கிலத்தில் ஒலி நெருங்கிய சொற்கள் என்றாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வலையைக் குறிக்கும் சொல், இழு என்ற பொருளுள்ள பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால், இழுவலையைக் குறித்த ‘த்ராகுலா’ என்ற இலத்தீன் சொல் இருக்கக்கூடும் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து. தூண்டிலைக் குறிக்கும் சொல் முதலில் மீனோடு சம்பந்தமே இல்லாதது. உலாவு, உருண்டு திரி என்பதே அதன் பழைய பொருள். வேட்டை தேடிக் காட்டில் சுற்றித் திரிவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு அதை உறவுபடுத்துகிறார்கள். 1600 வாக்கில் அது மீன்பிடிக்கு வந்துசேர்ந்தது. ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் ட்ரோல் பூதம் வேறு வேரில் பிறந்தது.

இணையத்தில் ‘ட்ரோல் செய்கிறார்கள்’ என்று இன்று நாம் சொல்வதற்கும் இந்தத் தூண்டிலில் பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் இணையக் குழுக்களுக்குப் புதிதாக வந்தவர்களைச் சீண்டி, பதில் கடிக்கிறதா என்று பார்க்கும் விளையாட்டுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். பூதம் பிறகுதான் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. தமிழ் இதற்காக யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டாம். வம்புக்கு இழுப்பது என்று நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இழுப்பும் இருக்கிறது, இரையும் இருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். தூண்டில் என்ற சொல் ‘தூண்டு’ என்ற வினையின் பிள்ளை. எரிகிற விளக்கின் திரியை விரலால் முன்னே தள்ளி விடுவதும் தூண்டுதல்தான், மீனின் பசியைக் கிளப்புவதும் தூண்டுதல்தான். குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், யானை வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைச் சட்டென விட்டதும் அது மேலே எழும் வேகத்துக்கு ‘மீன் எறி தூண்டில்’ உவமையாகிறது. மீன் கடித்ததும் கோலை வெடுக்கென்று தூக்குகிற அந்தக் கணத்தைப் பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும். அவருடைய இயற்பெயர் மறைந்து, மீனெறி தூண்டிலார் என்ற பெயரே நின்றுவிட்டது. திருக்குறளின் 931ஆம் பாட்டில் ‘தூண்டிற்பொன்’ வருகிறது. அங்கே பொன் என்றது தங்கத்தை அல்ல, இரும்பு முள்ளை.

வலைக்கும் இந்தக் கரையில் பஞ்சமில்லை. கரைவலை, சுருக்குமடி, இரட்டைமடி, இழுவைமடி என்று வரிசையாகச் சொல்வார்கள். மடி என்பது மீன் வந்து சேரும் பை. வேட்டி மடியில் காசு முடிவதும் அந்த மடிதான். ஆகவே ட்ராலிங்குக்கு இழுவைமடி என்ற சொல் தயாராகவே கிடக்கிறது. பாக் நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்தில் இழுவைமடிப் படகை ‘றோலர்’ என்றும் எழுதுவார்கள்; இழுவைப் படகு என்றும் எழுதுவார்கள். இந்தப் பக்கத்தில் விசைப்படகு என்றாலே அது இழுவைமடிப் படகு என்றுதான் பெரும்பாலும் பொருள்.

சிக்கல் ட்ரோலிங்கில்தான். ‘இழுவை மீன்பிடி’ என்று அதை மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன். அது மோசமான பெயர்ப்பு. இழுப்பது இரண்டுக்கும் பொது, பிரித்துக் காட்டுவது இழுக்கப்படும் பொருள். அதையே பெயரிலிருந்து கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும்? இந்தக் கரையில் இது வெறும் இலக்கணத் தகராறும் அல்ல. தடைக்காலம் விசைப்படகுகளுக்கு, நாட்டுப்படகுக்கு விலக்கு உண்டு. விசைப்படகு மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று கடலையே வாரத்தில் பங்கு வைத்த கரை இது. நாட்டுப்படகில் தூண்டில் இழுத்துப் போகிறவரை இழுவைக்காரர் என்று எழுதுவது அவரை எதிர்க் கட்சியில் சேர்ப்பது. என் தெரிவு ‘இழுதூண்டில்’.

இழுதூண்டிலிலும் மேல், அடி என்று இரண்டு உண்டு. நெய்மீனுக்கும் சூரைக்கும் பொய் இரையை மேல்தண்ணீரில் வேகமாக இழுக்க வேண்டும். அடியில் இழுப்பது நேர் எதிரான கலை. அதில் தேர்ந்தவர்கள் வடஅமெரிக்காவின் நன்னீர் ஏரிக்காரர்கள். ஈரி போன்ற ஏரிகளில் வால்ஐ என்ற மீன் இருக்கிறது. பெரிய கண், வெளிச்சம் கூசும், பகலில் பெரும்பாலும் அடியை ஒட்டியே கிடக்கும். அதைத் தேடி இரை கீழே போக வேண்டும். அதற்குத்தான் ஈயம்.

கட்டும் முறை எளிது. மூன்று வளையம் உள்ள ஒரு ஸ்விவல், அதாவது நரம்பு முறுக்காமல் சுழலும் சிறு இணைப்பு. தமிழில் மூவழிச் சுழலி எனலாம். ஒரு வளையத்தில் படகிலிருந்து வரும் நரம்பு. இரண்டாவதில் ஓரிரு அடி நரம்பின் நுனியில் ஈயம். மூன்றாவதில் மூன்றிலிருந்து ஆறடி நரம்பும் முள்ளும் இரையும். ஈய நரம்பு மட்டும் பலம் குறைந்ததாக இருக்கும். கல்லில் சிக்கினால் ஈயம் அறுந்து போகும், மற்றது தப்பும். பத்தடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் ஈயம் என்பது அவர்களுடைய கைக்கணக்கு. படகு மணிக்கு ஒரு மைல் அளவில் ஊர்ந்தால் போதும். நரம்பு தண்ணீருக்குள் 45 பாகை சாய்வில் இறங்க வேண்டும். அதற்கு மேல் படுத்துவிட்டால் ஒன்று ஈயம் போதாது, அல்லது நரம்பை அதிகம் விட்டாகிவிட்டது.

புதிதாகக் கற்கிறவர் செய்யும் தவறு ஈயத்தைத் தரையில் தரதரவென்று இழுப்பது. அது தரையைத் தட்ட வேண்டும், உழக் கூடாது. தட்டும்போது கோல் நுனி லேசாகக் குனிந்து நிமிரும். நரம்பின்மேல் ஒரு விரலை வைத்திருந்தால் கீழே இருப்பது இன்னதென்று தெரியும். மணல் என்றால் மெத்தென்ற உரசல், கல் என்றால் டக் டக் என்று தனித்தனி அடி, பாசி என்றால் பாரம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். தட்டு சட்டென்று நின்றுவிட்டால் ஈயத்தை மீன் தூக்கியிருக்கலாம், பள்ளமும் வந்திருக்கலாம்.

இராமநாதபுரத்தின் நன்னீர், கண்மாயும் ஊருணியும்தான். அங்கே இந்த வேலை செல்லாது. ஆழம் குறைவு, அடியெல்லாம் சேறு, கரையோரம் சீமைக் கருவேல வேர். ஈயம் கட்டி இழுத்தால் ஈயக் கடைக்காரருக்குத்தான் லாபம். விராலோ காற்றுக் குடிக்க மேலே வரும் மீன், அதற்கு மேல்தண்ணீரில் தவளை போதும். கடலில் மணலும் கல்லும் மாறி மாறி வரும் பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஓரங்களில் கலவாயையும் விளைமீனையும் தேட இந்தக் கட்டு பொருந்தும். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள் எந்தத் தூண்டிலுக்கும் இடமில்லை.

எழுதும்போது ஒரு கவனம். இழுதூண்டில் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. ஆகவே நடுவில் ஒற்று மிகாது, ‘இழுத்தூண்டில்’ பிழை. ஈயம் கட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘அடி இழுதூண்டில்’ என்று பிரித்தே எழுதலாம். வினையாக்கும்போது ‘இழுதூண்டில் செய்தார்’ என்று எழுதாதீர்கள். தூண்டில் போடுவது தமிழ், தூண்டில் செய்வது கொல்லன் வேலை.