போஸ்டரை ஏற்றிவிட்டால் அறிவிப்பு ஆகிவிடாது

இணையதளத்தில் ஒரு நிகழ்ச்சி அறிவிப்பு. நாள், நேரம், இடம், பதிவுக்குக் கடைசித் தேதி எல்லாம் ஒரே படத்துக்குள். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக மாற்று உரை எழுதவேண்டிய இடத்தில் "போஸ்டர்_இறுதி_2". ஸ்க்ரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள்) வைத்துப் படிப்பவருக்கு அந்தக் கோப்புப் பெயர்தான் அறிவிப்பு. இப்படி எத்தனை பக்கங்களைத்தான் திருப்பி அனுப்புவது?

கேட்டால், "அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்தும்படி செய்வது) டெவலப்பர் வேலை, கடைசியில் ஒரு பிளகின் போட்டால் போதும்" என்கிறார்கள். போதாது. பிளகின் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். நீங்கள் எழுதாமல் விட்ட விவரத்தை அது எழுதித் தராது. ஒரே பக்கத்தில் 12 இடத்தில் "இங்கே கிளிக் செய்யவும்" என்று இருக்கிறது. லிங்க் பட்டியலை மட்டும் திறந்து கேட்பவர் காதில் அதே வரி 12 முறை விழும். எது விண்ணப்பம், எது கட்டண விவரம்? "விண்ணப்பப் படிவம், பிடிஎஃப், 2 எம்பி" என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா? இது எழுதுகிறவர் வேலை. டெவலப்பர் கைக்குப் போகும்போதே பிழை உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே திட்டமிடும்போதே, வாசகர் எதற்காக இந்தப் பக்கத்துக்கு வருகிறார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான பதில் முதல் பத்தியிலேயே வரட்டும். எழுத்தைத் தடிமனாக்குவதால் தலைப்பு ஆகிவிடாது; ஸ்க்ரீன் ரீடரில் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறவருக்கு அது வெறும் பத்தி. தலைப்பு நிலைகளில் எச்2-க்குக் கீழே எச்3 வரவேண்டும், நேராக எச்4 அல்ல. படம் வெறும் அலங்காரம் என்றால் மாற்று உரையை வெற்றாக விடுங்கள். மாற்று உரைக்கான ஆல்ட் பண்பையே நீக்கினால் சில ஸ்க்ரீன் ரீடர்களில் கோப்புப் பெயர் ஒலிக்கும். வீடியோவின் தானியங்கி கேப்ஷனில் பெயரும் எண்ணும்தான் அதிகம் தவறும். அதைத் திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

கவர்ச்சிக்காக வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். 2023-இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2-இலும் சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளி வேறுபாடு) வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் தேறும், #777777 மயிரிழையில் தவறும். தானாக ஓடும் ஸ்லைடர் 5 நொடியைத் தாண்டினால் நிறுத்தும் பொத்தான் கட்டாயம். நிதானமாகப் படிப்பவர் பாதி வரியில் இருக்கும்போதே படம் மாறிவிடுகிறது.

வெளியிடுவதற்கு முன், தயவுசெய்து, மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசம். நிறுவி, திரையை அணைத்துவிட்டு, உங்கள் பக்கத்தை ஒருமுறை காதால் கேளுங்கள்.