அந்த மெட்டல் போஸ்டரை வாங்குவதற்கு முன் ஒரு லென்ஸ் வாங்குங்கள்

பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கொஞ்ச காலமாக ஹெவி மெட்டல் என்ற ராக் இசையின் ஆரம்ப நாள் கச்சேரி போஸ்டர்களும் மேசைக்கு வருகின்றன. 1969, 70, 71 என்று சொல்லி இணைய ஏலத்தில் வாங்கியவை. கொண்டுவருபவர் கிழிசலை ஒட்டித் தரச் சொல்வார். நானோ முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைத்தான் எடுப்பேன்.

ஒரு வாரம் சுவரில் நின்றால் போதும் என்று மலிவான தாளில் அடித்தவை இவை. மிஞ்சியது கொஞ்சம், கேட்பவர் ஏராளம். அப்புறம் போலி வராமல் என்ன செய்யும்?

லென்ஸை எழுத்தின் ஓரத்தில் வையுங்கள். அன்று ஆஃப்செட்டில் அடித்த கறுப்பு எழுத்து பொதுவாக ஒரே திட்டான மையாக, கூரான விளிம்போடு இருக்கும். புகைப்படம்தான் புள்ளிகளால் ஆனது. அசலை ஸ்கேன் செய்து மறுபடி அடித்தால் எழுத்தும் புள்ளிகளாக உடையும். படத்தில் பழைய புள்ளிமேல் புதிய புள்ளி விழுந்து அலையலையாகக் கோலம் தெரியும். ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு மெல்ல மாறும் வானவில் பின்னணியையும் பாருங்கள். அன்று இரண்டு மைகளை ஒரே தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, உருளையிலேயே கலக்கவிட்டார்கள். அந்தக் கலவையில் புள்ளியே இருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் கச்சேரி அமைப்பாளர் பில் கிரஹாமின் ஃபில்மோர் அரங்கப் போஸ்டர்களில் பல, பின்னாளில் முறையாகவே மறுபதிப்பு கண்டவை. அவை லென்ஸ் சோதனையில் தேறிவிடும். அங்கே அளவு, தாளின் தடிமன், அடியில் உள்ள சிறு எழுத்து ஆகியவற்றைச் சேகரிப்பாளர் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

மையை விட்டுவிட்டு வாசகத்தையும் படியுங்கள். எனக்குப் பிடித்த சோதனை இதுதான், காசும் செலவில்லை. பிரிட்டன் பத்துப் பத்தாக எண்ணும் நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரி 15-இல். அதற்கு முன் டிக்கெட் விலை பழைய நாணயமான ஷில்லிங்கில் இருக்கும்; மாற்றத்தை ஒட்டிய மாதங்களில் இரண்டு விலையும் சேர்ந்து வரலாம். 1969 போஸ்டரில் '50 பென்ஸ்' என்று மட்டும் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத் 1969-இன் நடுப்பகுதி வரை 'எர்த்' என்ற பெயரில்தான் வாசித்துக்கொண்டிருந்தது. 1968 போஸ்டரில் புதுப் பெயர் எப்படி வரும்? பல போஸ்டர்களில் ஆண்டு இருக்காது, கிழமையும் தேதியும் மட்டுமே. காலண்டரைப் புரட்டுங்கள். 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை. சபாத்தின் முதல் ஆல்பம் வந்த நாள். அதே தேதிக்கு 'சனி' என்று போட்டிருந்தால் அது வேறு ஆண்டு, அல்லது வேறு ஆள் வேலை.

புற ஊதா டார்ச் அடித்து, "ஒளிர்கிறது, ஆகவே போலி" என்று தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950-களிலேயே வந்துவிட்டன. பழுப்பு நிறமும் சாட்சி அல்ல. தேயிலைத் தண்ணீரில் நனைத்த தாள் முழுக்க ஒரே மாதிரி பழுக்கும். வயதான தாள் பெரும்பாலும் காற்றும் வெளிச்சமும் பட்ட ஓரத்தில் தொடங்கும்.

அசல் என்றே தெரிந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அட்டையில் சூடாக ஒட்டாதீர்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டவும் வேண்டாம். பளீரென்ற ஃப்ளோரசன்ட் மை சீக்கிரம் வெளுக்கும், வெளுத்த மையை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஃப்ரேம் போட்டால் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டை வையுங்கள்.

சரி, கிழிசல். பின்பக்கத்தில் ஜப்பானியத் தாளின் மெல்லிய துண்டு, கோதுமை மாவுச்சத்துப் பசை. பின்னாளில் வேண்டாமென்றால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். செலோ டேப் அப்படியல்ல: அதன் பசை தாளுக்குள் இறங்கி, மஞ்சளாகி, முன்பக்கம் வரை கறையாகும். ஒட்டியே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால், போஸ்டரைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள்.