ரீசனபிள் அக்காமடேஷன்: தங்குமிடம் அல்ல, தக்க ஏற்பாடு

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்ன உதவி செய்யும் என்று தேடுகிற பெற்றோர் கண்ணில் அடிக்கடி படுகிற சொல் 'ரீசனபிள் அக்காமடேஷன்'. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் சில நேரம் 'நியாயமான தங்குமிடம்' என்று வருகிறது. ஏதோ விடுதி அறை பற்றிய விதி போலிருக்கிறது என்று அதைத் தாண்டிப் போய்விட்டால் பெரிய இழப்பு. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க, நிறுவனம் அவருக்காகச் செய்து தருகிற மாற்றம் என்பதே அதன் பொருள். பிள்ளை கேட்டுப் பெற வேண்டியவை பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கின்றன.

வேர் லத்தீன். 'மோடுஸ்' என்றால் அளவு, 'கொம்மோடுஸ்' என்றால் அளவுக்குப் பொருந்துவது. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு, ஒன்றை இன்னொன்றுக்குப் பொருந்தச் செய்தல் என்று பொருள். வந்தவருக்கு இடம் பண்ணித் தருவதும் அதில் சேர்த்தி. தங்குமிடம் என்ற பொருள் கிளைத்தது அப்படித்தான். கிட்டத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் பார்க்க விழிலென்சு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறதே, அதற்கும் இதே பெயர்தான். தமிழில் விழி ஏற்பமைவு என்கிறோம்.

சட்டத்துக்குள் இந்தச் சொல் முதலில் மதத்தை ஒட்டி வந்தது. அமெரிக்காவில் 1972ல் வந்த ஒரு சட்டத் திருத்தம், பணியாளரின் சமய வழக்கத்துக்கு நிர்வாகம் இயன்றவரை இடம்கொடுக்க வேண்டும் என்றது. ஓய்வுநாளில் வேலை செய்யாதவருக்குப் பணி நேரத்தை மாற்றித் தருவது போன்றவை. அப்புறம் அது மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்து, 1990ஆம் ஆண்டு அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உறுதியாக உட்கார்ந்தது. 2006ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 2ஆம் பிரிவில் இதற்கு விளக்கம் தந்து, இதை மறுப்பதே பாகுபாடு என்கிறது. 24ஆம் பிரிவு உயர்கல்வியிலும் இது கிடைக்க வேண்டும் என்கிறது. நிறுவனத்துக்கு அளவு மீறிய சுமையாகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் 'ரீசனபிள்' என்ற அடைமொழி குறிப்பது அந்த வரம்பை அல்ல, செய்து தருவது அந்த நபருக்குப் பொருத்தமாகவும் பயன் தருவதாகவும் இருப்பதைத்தான்.

பிரிட்டன் சட்டத்தில் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று இருக்கும். நம் பேச்சில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்றால் கஷ்டத்தில் இருப்பவரே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடுகிறது. சட்டத்தில் மாற வேண்டியது நிறுவனம்.

ஒரு தேர்வறையைப் பார்ப்போம். தலைக்கு மேலே குழல்விளக்கு மெல்ல ரீங்கரிக்கிறது. இருநூறு பேனாக்கள் ஓடுகின்றன, யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தம் பின்னாலிருந்து வருகிறது. மற்றவர்களின் மூளை இதையெல்லாம் ஒதுக்கிவிடும். ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு அப்படி ஒதுங்காது. விடை நன்றாகத் தெரிந்தும் எழுத முடியாது. தனி அறை, கூடுதல் நேரம், காதடைப்பான் அணிய அனுமதி கொடுத்தால் அதே மாணவர் அதே வினாத்தாளுக்கு விடை எழுதிவிடுவார். வினாத்தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாடத்தின் தரத்தை இது குறைக்கிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வழக்கில் நிறைய புழங்குவது 'சலுகை'. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சலுகை என்றால் தயவு. கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமையை அந்தப் பெயரில் கேட்கிற மாணவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகிறது. 'நியாயமான தகவமைப்பு' என்றும் எழுதுகிறார்கள். பிழை இல்லை என்றாலும், உயிரியலில் தகவமைப்பு என்றால் சூழலுக்கு ஏற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்வது. இங்கே மாணவர் மாற வேண்டும் என்று கேட்கவில்லை, சூழல் மாற வேண்டும் என்கிறோம்.

'தக்க ஏற்பாடு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'ஏற்ற', 'ஏற்ப' என்ற சொற்களில் ஒலிக்கும் பொருத்தம் ஏற்பாட்டிலும் கேட்கிறது. லத்தீன் வேரின் பொருளும் அதுதானே. 'தகு' என்ற வேர் இன்னும் அழகு. பொருந்துதலும் நியாயமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன: 111ஆம் குறளில் வரும் 'தகுதி' என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் நடுவுநிலைமை என்றே உரை சொல்கிறார். 'ரீசனபிள்' கேட்கிற இரண்டும் 'தக்க' என்ற சிறு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

விண்ணப்பத்தில் எழுதும்போது 'ஆட்டிசம் இருப்பதால் சலுகை வேண்டுகிறேன்' என்று நிறுத்த வேண்டாம். 'எனக்குத் தேவையான தக்க ஏற்பாடுகள்' என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: வகுப்பறை மாறினால் முந்தின நாளே மின்னஞ்சலில் தெரிவித்தல், வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளை எழுத்திலும் தருதல், வகுப்பின் முன் பேசுவதற்குப் பதில் ஆசிரியரிடம் தனியாகப் பேசிக் காட்டுதல். எது ஏன் தேவை என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.