நேரம் தப்பாக வந்தால் மணிக்கணக்கைக் கூட்டாதீர்கள்

பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய பழைய வலைத்தளங்களைப் பராமரிக்க எடுத்தால் அடிக்கடி கண்ணில் படுவது இது. நேரம் சில மணி தள்ளிக் காட்டுகிறது என்று புகார் வந்திருக்கும். உடனே யாரோ, இப்போதைய நேரத்தைத் தரும் டைம் ஃபங்ஷனின் எண்ணோடு சில ஆயிரம் வினாடிகளைக் கூட்டி வைத்திருப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த எண், யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணி வரும் வினாடிகள். அதற்கு நேர மண்டலமே கிடையாது. அதில் கை வைத்தால் அது குறிக்கும் கணமே வேறாகிவிடும். பின்னால் ஒருவர் சர்வர் அமைப்பைச் சரிசெய்யும்போது, அதே வித்தியாசம் இரண்டு முறை கூடிவிடும்.

மாற்ற வேண்டிய இடம் பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐ-யில் உள்ள டேட்.டைம்ஜோன். அதைத் தொட அனுமதி இல்லையென்றால், நிரலின் தொடக்கத்திலேயே டேட்_டிஃபால்ட்_டைம்ஜோன்_செட் ஃபங்ஷனை அழையுங்கள். 5.4 பதிப்பு முதல் பிஎச்பி இயங்குதளத்தின் நேர மண்டலத்தை ஊகிப்பதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் யூடிசிதான். மண்டலம் அமைக்கவில்லை என்று முன்பு வந்துகொண்டிருந்த எச்சரிக்கையும் 7.0-இல் நின்றுவிட்டது. அதனால் தவறு சத்தமில்லாமல் நடக்கும்.

மதிப்பாக 'அமெரிக்கா/நியூயார்க்' போன்ற முழுப் பெயரையே கொடுங்கள். ஐஎஸ்டி என்ற சுருக்கம் இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் புழக்கத்தில் இருக்கிறது. 'ஈடிசி/ஜிஎம்டி+5' இன்னும் மோசம்: கூட்டல் குறி இருந்தாலும் அது யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியது.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. வலைப்பக்கத்துக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ, டெர்மினலில் (கட்டளைத் திரையில்) ஓடும் பிஎச்பிக்கு வேறொன்று என்று பல சர்வர்களில் தனித்தனியாக இருக்கும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் படிப்பது இரண்டாவதை. முதலாவதில் நியூயார்க் என்று போட்டு, இரண்டாவதைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? ஜனவரி 10 அன்று அங்கே மாலை 6 மணிக்கு 'இன்றைய ஆர்டர்கள்' அறிக்கையைக் கிரான் வழியாகச் சோதித்தால் எல்லாம் சரியாக வரும். அப்போது யூடிசியில் இரவு 11, தேதி அதே 10. அதே அறிக்கை இரவு 9 மணிக்கு ஓடினால் யூடிசியில் 11-ஆம் தேதி அதிகாலை 2 மணி. 11-ஆம் தேதி ஆர்டர்களைத் தேடும், அறிக்கை காலியாக வரும். ஆள் மணிக்கணக்கில் தேடுவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் கட்டளையில். தவறு இருப்பதோ ஐஎன்ஐ கோப்பில். டெர்மினலில் பிஎச்பி --ஐஎன்ஐ என்று ஓட்டுங்கள், வலைப்பக்கத்தில் பிஎச்பிஇன்ஃபோ ஃபங்ஷன் காட்டுவதைப் பாருங்கள். இரண்டும் எந்தக் கோப்பைப் படிக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

டேட்டாபேஸையும் விடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப் வகை யூடிசியாகச் சேமித்து, உங்கள் நிரல் அதனோடு வைத்திருக்கும் இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றித் தரும். டேட்டைம் வகை கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இப்போதைய நேரத்தைத் தரும் அதன் நவ் ஃபங்ஷன் இணைப்பின் மண்டலத்தைத்தான் பார்க்கும், உங்கள் பிஎச்பி அமைப்பை அல்ல. இணைந்தவுடன் இணைப்பின் மண்டலத்தை யூடிசியாக அமைத்து, நேரங்களை யூடிசியிலேயே சேமித்துவிட்டு, பயனருக்குக் காட்டும்போது மட்டும் மாற்றுவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

நடந்து முடிந்தவற்றுக்கு இது போதும். வரப்போகும் சந்திப்புகளுக்குப் போதாது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் கோடைகால நேர விதிகளை அரசுகள் மாற்றுவதுண்டு. பசிபிக் தீவு நாடான சமோவா 2011-இல் சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் போய், டிசம்பர் 30-ஐயே நாட்காட்டியிலிருந்து தவிர்த்தது. அடுத்த ஆண்டு காலை 10 மணிச் சந்திப்பென்றால், உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமியுங்கள். விதி மாறினால் பிஎச்பியின் நேர மண்டலத் தரவைப் புதுப்பித்து மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம்.