தறி ஏன் இங்கே வந்தது?

குடியாத்தத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், லுங்கி நெய்கிறவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். போன மாதம், கிளினிக்கில் உடன் இருக்கும் இளம் டாக்டர் ஓர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். "வயித்துல என்னமோ உருண்டுகினே இருக்குது சார்." ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்து, கேஸ் மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "தறி நின்னதுலர்ந்து" என்றார். "அதெல்லாம் இருக்கட்டும்மா, எத்தனை மாசம்னு சொல்லுங்க" என்று கேட்டு, மூன்று மாதம் என்று எழுதிக்கொண்டார் டாக்டர்.

அவர் ஒதுக்கிய அந்தத் தறியில்தான் விஷயமே இருந்தது. தறி ஏன் நின்றது என்று நான் கேட்டேன். கணவர் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். போன் வருவதும் குறைந்துவிட்டது. ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்று ராத்திரியில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தன. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினோம்.

ஐங்குறுநூற்றில் நண்டை வைத்தே பத்துப் பாட்டு உண்டு, களவன் பத்து என்று பெயர். ஒன்றில், துணையை விட்டுப் போன நண்டு வள்ளைக்கொடியின் மெல்லிய தண்டை அறுக்கிறது. வயலைச் சொல்வதுபோல் தலைவியின் வீட்டைச் சொல்கிறது பாட்டு. உள்ளுறை என்பார்கள். பள்ளியில் எங்கள் தமிழ் ஐயா, "நண்டு ஏன் இங்கே வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகவே மாட்டார். அந்தப் பழக்கம்தான் என்னைத் தறியைப் பற்றிக் கேட்க வைத்தது.

இன்னொன்று, கூற்று. அகப்பாட்டைப் படிக்கும்போது யார் பேசுகிறார், யாரிடம், பக்கத்தில் நின்று கேட்பது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். தலைவி தோழியிடம் பேசுவதுபோலப் பேசுவாள். வேலிக்கு அந்தப்புறம் நிற்கும் தலைவன் கேட்கத்தான் அது. சிறைப்புறம் என்று இதற்குப் பெயரே உண்டு. மாமியார் பக்கத்தில் நிற்க, "எனக்கு ஒன்னுமில்ல சார்" என்று ஒரு மருமகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால் வேறு பதில் வரும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வருத்தத்தோடு சொல்வது, "தமிழுக்கு எதுக்கு சார் டைம் வேஸ்ட்?" நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணும் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்குத்தான். பொறியியல் கட்-ஆஃப் 200இலும் தமிழுக்கு இடமில்லை. சரி, சீட் வாங்க அது போதும். சீட் வாங்கின பிறகு எதிரே உட்காருவது வினாத்தாள் இல்லையே. பிளஸ் டூவில் தமிழ் வகுப்பையே மாதிரித் தேர்வுக்குக் கொடுத்துவிடுகிற வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

வேலூர்க்காரர்கள் டாக்டர் பால் பிராண்ட் (Paul Brand) பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுவதாகத்தான் அன்று பரவலாக நம்பினார்கள். நோயாளிகள் அன்றாட வேலைகளைக் கையால் எப்படிச் செய்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார் அவர். வலி தெரியாததால் படுகிற காயங்களும் புண்களும்தான் விரல்களைக் கொண்டுபோகின்றன என்று எடுத்துக்காட்டினார்.

இப்போது என் கிளினிக்கில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கேஸ் ஷீட்டின் மேலே, நோயாளி பேசிய முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்த இளம் டாக்டர் நேற்று எழுதியிருந்தார்: "மூட்டு வலி. படி ஏறவே முடியல. மாடியில பையன் குடியிருந்தான்." கடைசிச் சொல்லுக்குக் கீழே அவரே கோடு போட்டிருந்தார்.