பவர் சப்ளை: மின்வழங்கியா, வலு வழங்கியா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மின்பொருள் கடையொன்றில் 'பவர் சப்ளை ஒன்று தாங்க' என்று கேட்டால், மடிகணினியின் கறுப்பு அடப்டர், கண்காணிப்புக் கமராக்களுக்கும் எல்ஈடி பட்டிகளுக்கும் விற்கப்படும் துளையிட்ட தகரப் பெட்டி, கணினிக்குள் பொருத்தும் விசிறி வைத்த பெட்டி ஆகியவற்றுள் எதையும் கடைக்காரர் எடுத்து வைக்கலாம். பெயரளவில் மூன்றும் பவர் சப்ளைதான். ஆனால் ரிமோட்டில் இயங்கும் மாதிரிக் காருக்கோ விமானத்துக்கோ உரிய பற்றரியை ஏற்றும் மின்னேற்றியோடு இணைக்க நினைப்பவருக்கு இம்மூன்றும் ஒன்றல்ல.

வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை (ஏசி), ஒரு கருவிக்கு ஏற்ற அளவுள்ள, நிலையான நேரோட்டமாக (டிசி) மாற்றித் தருவதே பவர் சப்ளையின் வேலை. அது பற்றரியை ஏற்றுவதில்லை. பற்றரியில் எத்தனை கலம் (செல்), எவ்வளவு ஓட்டம், எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பது மின்னேற்றியாகும். பற்றரியை நேரே பவர் சப்ளையில் தொடுப்பது, குறிப்பாக லிதியம் வகைப் பற்றரிகளில், தீயை விலைக்கு வாங்குவதற்குச் சமம். இரண்டு கருவிகளையும் 'சார்ஜர்' என்ற ஒரே சொல்லில் அடக்கும் பேச்சு வழக்கே இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம். இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்து, சுவரில் நேரே செருகும் வகையில் வரும் மின்னேற்றிகளும் உண்டு. அவற்றில் உள்ளே அமைந்திருக்கும் வழங்கி பல சமயங்களில் சிறியதாக இருப்பதால், அதே மின்னேற்றிக்கு வெளியிலிருந்து நேரோட்டம் கொடுத்தால்தான் அதன் முழு வலு கிடைக்கும்.

'பவர்' என்பது இயலுதல் என்ற பொருள் தரும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'சப்ளை'யின் மூலமும் இலத்தீனே; நிரப்புதல், குறைந்ததை ஈடுசெய்தல் என்பன அதன் முதற்பொருள்கள். தமிழில் 'வழங்கு' என்ற வினைக்குக் கொடுத்தல் என்ற பொருளோடு இயங்குதல், உலவுதல் என்ற பழம்பொருளும் உண்டு. 245ஆம் குறளில் வரும் 'வளிவழங்கும்' என்பது காற்று உலவுவதையே குறிக்கிறது. ஓட்டத்தைப் பற்றிய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வினையைத் தேட வேண்டியதில்லை. இலங்கையில் இச்சொல் பொதுமக்களுக்குப் புதியதும் அன்று. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெயர்ப்பலகையில் நாள்தோறும் அதைப் பார்க்கிறோம். வழங்கல் என்பது சேவை, வழங்கி என்பது கருவி. லக்ஷபானவிலிருந்து கம்பி வழியே வீடுவரை வந்து சேர்வது மின்வழங்கல்; மேசையில் இருக்கும் பெட்டி மின்வழங்கி. வெறுமனே 'வழங்கி' என்று எழுதினால் கணினித் துறையினர் அதை 'சேர்வர்' என்ற வேறு கருவியாக விளங்கிக்கொள்வார்கள் என்பதால் முன்னொட்டு அவசியமாகிறது.

அந்த முன்னொட்டு எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் தெரிவு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'திறன்' என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் 'வலு' என்கின்றன. 'திறன் வழங்கி' என்று எழுதினால், திறன் அபிவிருத்திப் பயிற்சி நிலையங்களுக்குப் பழகிய இங்குள்ள கண்ணுக்கு அது வேறெதையோ உணர்த்தும். 'மின்வழங்கி' பிழையான சொல் அல்ல. எனினும் 'வலு வழங்கி' என்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது, ஏனெனில் இப்பெட்டியை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய அளவு வாற்றில் சொல்லப்படும் வலுவே.

மூன்று கலங்கள் தொடராக அமைந்த, 5000 மில்லிஅம்பியர் மணித்தியாலக் கொள்ளளவுள்ள லிதியம் பொலிமர் பற்றரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலமும் நிறையும்போது 4.2 வோல்ற்று, மொத்தம் 12.6 வோல்ற்று. வழமையான வேகத்தில், அதாவது 5 அம்பியரில், ஏற்றினால் பற்றரிக்குள் போவது 63 வாற்று. மின்னேற்றியின் வினைத்திறனை 85 சதவீதம் எனக் கொண்டால், அது வழங்கியிடமிருந்து ஏறத்தாழ 74 வாற்றைக் கேட்கும். இங்கே 12 வோல்ற்று 6 அம்பியர் எழுதிய, அதாவது 72 வாற்று வழங்கியை வாங்கியவருக்கு ஒரு விசித்திரம் நிகழலாம். பற்றரி 11.1 வோல்ற்றில் இருக்கும்போது தேவை 65 வாற்றளவுதான் என்பதால் எல்லாம் ஒழுங்காகத் தொடங்கும். பற்றரி நிறையும் தறுவாயில், ஓட்டம் குறையத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், தேவை உச்சத்தைத் தொட்டு வழங்கி அணைந்துவிடக்கூடும். பழுது மின்னேற்றியில் என்று எண்ணி அதைத் திருத்தக் கொண்டுபோவோர் உண்டு. 12 வோல்ற்று 10 அம்பியர் பெட்டி இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. மலிவான பெட்டிகளில் ஒட்டுத்தாளிலுள்ள எண்ணைச் சற்றுக் குறைத்தே நம்ப வேண்டும்.

வலு போதுமென்றாலும் வோல்ற்றளவு பொருந்த வேண்டும். பரவலாகக் கிடைக்கும் பீ6 வகை மின்னேற்றிகள் பலவற்றின் உள்ளீட்டு எல்லை 11 முதல் 18 வோல்ற்று. வீட்டில் சும்மா கிடக்கும் மடிகணினி அடப்டர் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ற்று தருவது. ஒரு வோல்ற்றுத்தானே என்று இணைப்பது முறையன்று. மின்னேற்றியின் அடிப்பாகத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையே இறுதித் தீர்ப்பு. மறுபுறம், 300 வாற்றளவான பெரிய மின்னேற்றிகளுக்கு 12 வோல்ற்று வழங்கி பொருந்தாது. அவ்வளவு வலுவுக்கு 12 வோல்ற்றில் ஏறத்தாழ 29 அம்பியர் வேண்டும்; 24 வோல்ற்றில் அதில் பாதி போதும். ஓட்டம் பாதியானால் அதே வடத்தில் பிறக்கும் வெப்பம் காற்பங்காகும். பல மின்னேற்றிகள் 24 வோல்ற்றளவு கிடைத்தால் மட்டுமே முழு வலுவைக் காட்டுவதும் இதனாலேயே.

பழைய கணினியின் வழங்கியைப் பயன்படுத்துவோர் அதன் பெரிய எழுத்து வாற்றை நம்பக்கூடாது. அந்தத் தொகை பல வோல்ற்றளவுகளுக்குப் பிரிந்து போகிறது. மஞ்சள் கம்பியான 12 வோல்ற்றுத் தடத்தின் அம்பியரே நமக்குரியது. பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் அது இயங்கத் தொடங்கும். ஆனால் உறையைத் திறக்கும் எண்ணம் வேண்டாம். உள்ளே நேராக்கப்பட்ட 325 வோல்ற்று வரை, மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகளில் தங்கியிருக்கும், செருகியைக் கழற்றிய பிறகும்.

மலைநாட்டில் இன்னும் சில கவனிக்க வேண்டும். துளையிட்ட தகரப் பெட்டியின் முனையில் 230 வோல்ற்றுத் திருகுகள் திறந்தபடி இருக்கின்றன; மூடுபனியின் ஈரம் புகும் நுவரெலியா வீடுகளில் அதை யன்னலோரம் வைக்கக்கூடாது, புவித்தொடுப்புக் கம்பியை இணைக்காமல் விடவும் கூடாது. பழைய லயங்களின் மின்கம்பியமைப்பில் மூன்றாவது கம்பி உண்மையில் நிலத்துக்குப் போகிறதா என்பதை மின்னியலாளரிடம் உறுதிசெய்துகொள்வது நல்லது. சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சிறிய ஆளி இருக்கும். அது 115இல் இருக்கும்போது செருகினால் பெட்டியின் ஆயுள் அத்தோடு முடியும். சீனத் தயாரிப்பு அடப்டர்கள் பலவற்றின் ஒட்டுத்தாளில் மலை வடிவக் குறியோடு 2000 மீற்றர் என்று காணப்படும். அந்த உயரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் பொருள். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து, குளிரூட்டலும் காப்பும் தளர்கின்றன. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றர் என்பதால் எல்லைக்குள் நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளி நிற்காது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் பிற்பகல் இடிமழையில் செருகியைக் கழற்றிவிடுவதே சிறந்த காப்பு.

மின்சாரமில்லாத மைதானத்தில் வாகனத்தின் 12 வோல்ற்றுப் பற்றரியை மின்னேற்றிக்குத் தொடுப்பார்கள். அதை வலு வழங்கி என்பதைவிட மின் முதல் என்பதே சரி, ஏனெனில் அங்கே மாற்றம் எதுவும் நடப்பதில்லை. சேமித்தது வெளியே வருகிறது, அவ்வளவே. மின்னேற்றியின் அமைப்புகளில் உள்ளீடு இத்தனை வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் நிறுத்து என்றொரு வரம்பு இருக்கும். வீட்டில் வழங்கியோடு இருக்கும்போது அதற்குப் பெரிய வேலையில்லை. மைதானத்தில் அதைச் சரியாக வைத்தால்தான் மாலையில் முச்சக்கர வண்டி ஸ்டார்ட் ஆகும்.