கூழைக் கணவாய்

கடலைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தின் தமிழ்க் குரல் 'குட்டைவால் கணவாய் மீன்' என்று நாலாவது தடவை சொன்னபோது எரிச்சலாகிவிட்டது. திரையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு உருண்டை மிதந்துகொண்டிருந்தது. வாலே இல்லை, அதில் குட்டை எது, நெட்டை எது?

ஆங்கிலத்தில் இதற்குப் பாப்டெயில் ஸ்குவிட் என்று பெயர். வாலை ஒட்ட நறுக்கிய குதிரையையும் நாயையும் குறிக்கும் சொல் அது. ஊசிக் கணவாயின் உடல் பின்னால் கூராக நீண்டு போகும்; இதற்குச் சட்டென்று உருண்டு முடிந்துவிடும். செபியோலிடே என்ற குடும்பப் பெயருக்கு அடியிலும் 'சின்னக் கணவாய்' என்ற பொருள்தான்.

'மீன்' என்று சேர்ப்பதை விட்டுவிடலாம், நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான முதுகெலும்பில்லாத உயிரி என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'குட்டைவால்'தான் உறுத்துகிறது. டெயில் என்றால் வால் என்று அகராதியைப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் இதற்கென்றே 'கூழை' இருக்கிறதே! வால் குறைந்த மாடு கூழை மாடு. நான்கு சீர் அடியில் முதல் மூன்று சீரிலும் மோனை வந்து கடைசிச் சீரில் வராவிட்டால் கூழை மோனை. ஆக, கடைப்பகுதி குறைந்தது எதுவானாலும் கூழை. வால் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பழைய சொல், யாருக்குப் புரியும் என்பார்கள். கூழைக்கும்பிடு மட்டும் எல்லோருக்கும் புரிகிறது.

'ஒளிர்கணவாய்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். ஹவாய்க் கரையோர ஆழமற்ற கடலில் வாழும் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடந்து, இரவில் இறால் தேடி வெளியே வரும். அதன் வயிற்றுப்பக்கத்து வெளிச்சமும் சொந்தமில்லை, உள்ளே குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியாவினுடையது. மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாக அந்த வெளிச்சத்தை வைத்துக்கொள்வதால், கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு இதன் நிழலுருவம் தெரியாது. விடிந்ததும் பாக்டீரியாவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியே தள்ளிவிட்டு மறுபடி மணலுக்குள் போய்விடும். கண்ணில் படாமல் இருக்கத்தான் இத்தனை பாடும். அதற்கு ஒளிர்கணவாய் என்று பெயர் வைத்தவர், படத்தை முழுதாகப் பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.